பழைய கட்டடத்தில் சோதனை: பூச்சு மூடும் முன்பா, மூடிய பிறகா?

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரோட்டண்டா, தாமஸ் ஜெஃபர்சன் வடிவமைத்த குவிமாடக் கட்டடம். 1826-இல் கட்டி முடித்தார்கள். 1895-இல் தீயில் சிதைந்து மறுபடி எழுந்தது. கடைசிப் பெரிய புதுப்பிப்பு 2012 முதல் 2016 வரை நடந்தது. அப்போது, 2015-இல், சுவருக்குள் மூடிக்கிடந்த ஒரு பழைய வேதியியல் அடுப்பு வெளிப்பட்டது. நிலத்தடிச் செங்கல் சுரங்கம் வழியாக அதற்குக் காற்று வந்திருக்கிறது, புகை தனிக் குழாய்களில் போயிருக்கிறது. அந்தக் காலத்து டக்ட் (காற்று போகும் குழாய்) என்றே சொல்லலாம்!

சுவருக்குள் என்ன இருக்கும் என்றே தெரியாத இப்படியொரு கட்டடத்தில் புது ஏசி, பம்ப், தீ எச்சரிக்கை எல்லாம் சேர்ந்து ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சோதிப்பதுதான் கமிஷனிங். அதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழியில், ஒப்பந்தக்காரரே கடைசியில் ஓட்டிப் பார்த்து, காற்றளவைச் சரிசெய்து, சாவியைக் கொடுத்துவிடுவார். செலவு குறைவு. புதுக் கட்டடம் என்றால் ஓரளவு ஒப்புக்கொள்வேன். ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கினால் வால்வு கைக்கு எட்டிவிடும். பழைய சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னால் டேம்பர் (டக்டில் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) திறக்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? சுவரைத்தான் உடைக்க வேண்டும், உடைத்ததை அதேபோல் பூசும் கைகளும் இன்று அதிகம் இல்லை. தன் வேலைக்குத் தானே மதிப்பெண் போடுவது வேறு சிக்கல்.

இரண்டாவது, கட்டட உரிமையாளரே நியமிக்கும், ஒப்பந்தக்காரரைச் சாராத ஆள். டிராயிங் கட்டத்திலேயே உள்ளே வருவார். சுவரை மூடுவதற்கு முன்பே டக்ட் கசிகிறதா என்று பார்ப்பார், சென்சார் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்பார். தடித்த செங்கல் சுவர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். வெளிச்சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து ஏசியை இயக்கும் கருவி) அறையை விட்டுவிட்டுச் சுவரின் சூட்டைத்தான் சொல்லும். செலவு கூடும், காகிதமும் கூடும், உண்மைதான்.

பழைய கட்டடத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: அவர் ஒரு வருடம் கழித்தும் வர வேண்டும். குளிர்காலத்தில் ஒப்படைத்த கட்டடத்தில் கோடையின் ஈரப்பதத்தை எப்படிச் சோதிப்பது? அப்புறம், அவர் வரும்போதெல்லாம் பராமரிப்பு ஊழியர்கள் கூடவே நிற்கட்டும். எந்த மூலையில் சுவர் வியர்க்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.