சீனியர் ஸ்டைலிஸ்ட் என்று சேர்த்தார்கள், டவல் மடிக்க வைத்தார்கள்

எட்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிறேன். அப்படியும் ஏமாந்தேன். சலூன் வேலை தேடுகிறவர்கள் சேர்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நேர்காணலில் சொன்னது: சீனியர் ஹேர் ஸ்டைலிஸ்ட், மாதச் சம்பளம், அதற்கு மேல் 40 சதவீதம் கமிஷன். எல்லாம் வாய்வார்த்தை. ட்ரையல் என்று ஒரு நாள் முழுக்க வேலை வாங்கினார்கள். ஏழு பேருக்கு முடி வெட்டினேன். ஏழு பேரும் பில் கட்டிவிட்டுப் போனார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அன்றைக்கே விழித்திருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு காலையில் ரிசப்ஷன், போன் எடுப்பது. மதியம் த்ரெடிங், பெடிக்யூர். நடுவில் டவல் துவைத்து மடிப்பது. கேட்டால், "இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்மா, எல்லாரும் எல்லாம் பார்ப்போம்" என்று பதில். ஒருநாள் ஒருவருக்குக் கெமிக்கல் பீல் போடச் சொன்னார்கள். அது முகத்தோலை உரிக்கிற ஆசிட். நான் படித்தது முடி வேலை, அடுத்தவர் முகம் வெந்து போனால் யார் பொறுப்பு? முடியாது என்றேன். அதிலிருந்தே முகம் கொடுத்துப் பேசுவது நின்றது.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருப்பேன். ஆனால் சம்பளத்தில் கை வைத்தது இந்தக் குழப்பம்தான். சம்பளத்தைப் போல மூன்று மடங்குக்கு வேலை செய்தால்தான் கமிஷன் கணக்கே ஆரம்பிக்குமாம். அந்த டார்கெட் முதல் மாதம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாதி நாள் ரிசப்ஷனில் உட்கார்ந்தால் டார்கெட்டை எப்படி எட்டுவது? போன் எடுத்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

மூன்றாம் மாதம் ஒருவழியாகத் தாண்டினேன். அப்போதுதான் அந்த 40 சதவீதம் எதில் 40 என்று புரிந்தது. 100-க்குச் செய்த கலர் வேலையில் கடையின் தள்ளுபடி 20 போனது. கலர், அதோடு கலக்கும் டெவலப்பர் செலவு என்று இன்னொரு 25. மீதி 55-இல் 40 சதவீதம், அதாவது 22. தள்ளுபடி கொடுத்தது அவர்கள், கழித்தது என் பங்கில். முன்பணம் கட்டிய பேக்கேஜ்காரர்களுக்குச் செய்த வேலை என் கணக்கிலேயே ஏறவில்லை. பேக்கேஜை விற்றவருக்கே கமிஷனாம். கார்டில் வந்த டிப்ஸ் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

லீவு கேட்டபோது இன்னொரு குண்டு. நான் ஊழியரே இல்லையாம், சுயதொழில் செய்பவராம், அதனால் லீவுக்குச் சம்பளம் கிடையாதாம். சரி, நாற்காலியை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்பவர் என்றால் நேரமும் விலையும் அவர் கையில் இருக்கும். எனக்கு வரும் நேரம், போகும் நேரம், சீருடை, விலை எல்லாமே அவர்கள் வைத்ததுதான்.

விலகும்போது, இரண்டு நாள் கொடுத்த ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டு என்று அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் அலைந்துதான் வாங்கினேன். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

அடுத்த வேலை தேடிக் கேள்விகள் எழுதிய ஒரு தாளோடு போனேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நாற்காலியில், எத்தனை மணி நேரம் மற்ற வேலை? கமிஷன் தள்ளுபடிக்கு முன்பா, பின்பா? பொருள் செலவு யாருடையது? பேக்கேஜ் வேலை யார் கணக்கு? கஸ்டமர் திரும்ப வந்து சரிசெய்யச் சொன்னால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? முதலில் போன சலூனின் உரிமையாளர் தாளைப் பார்த்ததுமே "அப்புறம் சொல்கிறோம்" என்றார். இரண்டாவது சலூனை நடத்தும் அம்மா பேனா கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கே கமிஷன் 30 சதவீதம்தான். போன மாதம் கைக்கு வந்தது பழைய இடத்தைவிட அதிகம்.