டிஎம்சி நூல்: என் மயிலுக்காக வாங்கியது

மூன்று மாதமாக கிராஸ் ஸ்டிட்ச் எம்பிராய்டரியில் ஒரு மயில் தைத்துக்கொண்டிருக்கிறேன். 14 கவுண்ட் ஐடா துணி, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள எம்பிராய்டரித் துணி. படம் அகலம் 140 கட்டம், உயரம் 112. முடித்தால் 10க்கு 8 அங்குலம் வரும். கழுத்து நீலத்துக்கு மட்டும் ஆறு நிறம்!

இதற்கு முன் மலிவாகக் கிடைத்த, பெயர் போடாத நூலில் ஒரு ரோஜா தைத்தேன். நனைத்ததும் சாயம் போய் வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அழுதேவிட்டேன். அதனால் இந்த முறை பிரான்ஸின் டிஎம்சி நிறுவன எம்பிராய்டரி நூல். முதல் வேலையாகத் துண்டுத் துணியில் சிவப்பைத் தைத்து நனைத்துப் பார்த்தேன். சாயம் விடவே இல்லை.

ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. என் துணிக்கு இரண்டு இழை போதும். ஒவ்வொன்றாக உருவி, அப்புறம் சேர்த்துக் கோத்தால் சிக்கு விழுவதில்லை. தையல் பட்டு மாதிரி மினுங்குகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நிற எண்கள்தான். 310 என்றால் கறுப்பு. பேட்டர்னில் உள்ள எண்ணைக் கடையில் சொன்னால் சரியாக எடுத்துத் தந்துவிடுகிறார்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் மாதங்கள் உழைக்கும் படத்துக்கு இதைத்தான் வாங்குவேன். தோகை இன்னும் பாதி பாக்கி. பச்சையில் நான்கு கண்டு வாங்க வேண்டும்.