கண் வைத்தியன் வேஷத்தில் ஒரு ரோமன்

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் 27 வருஷமாகப் பார்வை பரிசோதனை செய்கிறேன். "முதல்ல வச்சது தெளிவா, இப்ப வச்சது தெளிவா?" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது கேட்டாக வேண்டிய பிழைப்பு. கதைப் புத்தகத்தில் கண் வைத்தியர் யாராவது எட்டிப் பார்த்தால் விட மனசு வராது. ரோஸ்மேரி சட்க்ளிஃப் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' என் கைக்கு வந்தது அப்படித்தான். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்ததை நடுவில் பிரித்தேன். அலெக்சாண்ட்ரியா டெமிட்ரியஸ் என்று பேர் சொல்லிக்கொண்டு ஒருவன் கண் களிம்போடு மலைநாட்டில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். 60 ரூபாய். பேரம் பேசவில்லை.

நாவல் 1954இல் வந்தது. களம், ரோமர் ஆண்ட பிரிட்டன்; கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதி. மார்கஸ் என்ற இளம் ரோமப் படைத்தலைவன், இன்றைய எக்ஸெட்டர் ஊரில் இருந்த எல்லைக் கோட்டைக்கு வந்து சேர்கிறான். அவனுடைய அப்பா இருந்த ஒன்பதாம் படையணி கி.பி. 117 வாக்கில் யார்க்கிலிருந்து வடக்கே போனது, திரும்பவே இல்லை. அதன் கழுகுச் சின்னமும் போயிற்று. படைக்குக் கழுகு போவது என்றால் மானம் போவது. முதல் போரிலேயே மார்கஸின் கால் நொறுங்கிவிடுகிறது. அப்பாவின் சகோதரர் வீட்டில் கிடந்து தேறியவன், கழுகு வடக்கே ஏதோ குடியின் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எஸ்கா என்ற முன்னாள் அடிமையோடு, கண் வைத்தியன் வேஷத்தில் தேடிக் கிளம்புகிறான். கதை இவ்வளவுதான்.

கழுகைத் தேடும் சாகசம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இரண்டாம் முறை புரட்டிய பக்கங்கள் அவையல்ல.

கால் புண் ஆறாத மார்கஸும், அவன் அப்போதுதான் விலைக்கு வாங்கியிருக்கும் எஸ்காவும் பேசிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. எஸ்கா பிரிகான்டஸ் குடியின் தலைவர் ஒருவரின் மகன். காது நுனி அறுபட்ட அடிமை. கத்திச் சண்டைக் களத்தில் தோற்று, சாகாமல் தப்பியவன். உங்கள் ஆட்கள் ஏன் எங்களை எதிர்க்கிறார்கள், நாங்கள் சட்டமும் நீதியும் சாலையும் தானே கொண்டுவந்தோம் என்று மார்கஸ் உண்மையாகவே புரியாமல் கேட்கிறான். எஸ்கா வாதம் பண்ணுவதில்லை. மார்கஸின் குத்துவாள் உறையில் உள்ள வேலைப்பாட்டைக் காட்டுகிறான்: ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி, கோடு பிசகாமல் போகும் அலங்காரம். பிறகு தன் மக்கள் செய்த கேடயத்தின் நடுக் குமிழைப் பார்க்கச் சொல்கிறான். அதில் வளைவு வளைவிலிருந்து பிறந்து, தண்ணீர் ஓடுவதுபோல் ஓடுகிறது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று விரல் வைக்க முடியாது. இதைச் செய்தவனுக்கும் அதைச் செய்தவனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நீயே பார்த்துக்கொள் என்கிற மாதிரி பேச்சு முடிகிறது. ஆட்சி, அடிமை, எதிர்ப்பு எல்லாம் ஒரு உறையிலும் ஒரு குமிழிலும் அடங்கிவிட்டது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

சங்கப் பாட்டு படித்த நமக்கு ரோமர் என்றால் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர். வியாபாரிகள். காசு கொடுத்து வாங்கினார்கள், போனார்கள். அதே காலத்தில் பிரிட்டன் தீவில் அவர்கள் கோட்டை கட்டி வரி வசூலித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பாடப்புத்தகமாகத் தெரியும், மனசில் உறைக்காது. இந்த நாவல் உறைக்க வைக்கிறது. இன்று நாம் மொத்தமாகக் கெல்டியர் என்கிறோமே, அந்தக் காலத்து எழுத்தாளர் யாரும் பிரிட்டன்காரர்களை அப்படி அழைத்ததில்லை. இசேனி, பிரிகான்டஸ், டும்னோனி என்று தனித்தனிக் குடிகள். அந்த வித்தியாசத்தை நாவல் கவனமாக வைத்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் கோட்டியா இசேனி குடி. கி.பி. 60இல் ராணி பூடிக்கா தலைமையில் கொதித்தெழுந்து லண்டன் உட்பட மூன்று ஊர்களைக் கொளுத்திய அதே குடி. இவளோ அத்தை வீட்டில், ரோமானியப் பெண்ணாக வளரும்படி கட்டாயப்படுத்தப்படுகிறாள். உடுப்பு ரோமானியம், பேச்சு லத்தீன், பெயர்கூட கமில்லா. அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், பிரிட்டனில் ஆளுநராக இருந்த தன் மாமனார் அக்ரிகோலாவின் வாழ்க்கையை எழுதும்போது, பிரிட்டன் தலைவர்களின் பிள்ளைகள் லத்தீனும் டோகா என்ற ரோமானிய உடுப்பும் குளியல் மண்டபமும் பழகியதைச் சொல்லி, விவரம் தெரியாதவர்கள் இதை நாகரிகம் என்றார்கள், உண்மையில் அது அடிமைத்தனத்தின் ஒரு பகுதி என்கிறார். சொன்னவர் ரோமர்! அந்த ஒரு வரியின் ரத்தமும் சதையுமாகக் கோட்டியாவின் அத்தை நடமாடுகிறாள். கான்வென்ட்டில் சேர்ந்த மறுநாளே பேரை மாற்றிக் கூப்பிடப்பட்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள், சிரித்துக்கொண்டேதான் படித்தேன்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

மாறுவேஷத்துக்கு ஆசிரியர் ஏன் கண் வைத்தியனைத் தேர்ந்தெடுத்தார்? வியாபாரி, பாடகன், பிச்சைக்காரன் என்று எவ்வளவோ இருக்கிறது. கிராமத்துக் கண் முகாமுக்குப் போனவர்களுக்கு விடை தெரியும். கண் பார்க்க வந்தவரை எந்த வீட்டிலும் வாசலில் நிற்க வைப்பதில்லை. உள்ளே கூட்டிப் போய், மூலையில் படுத்திருக்கும் பாட்டியின் முகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். ஊரில் யாருக்கு யார் உறவு, எந்தக் கோயிலில் என்ன விசேஷம் என்று கேட்காமலே சொல்வார்கள். வேவு பார்க்க இதைவிடத் தோதான வேஷம் கிடையாது. அதிலும் இது வெறும் கற்பனை இல்லை. ரோமப் பேரரசின் வடமேற்கு மாகாணங்களில், முக்கியமாக இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் பகுதிகளில், கண் வைத்தியர்களின் முத்திரைக் கற்கள் 300க்கு மேல் கிடைத்திருக்கின்றன. கைக்கு அடக்கமான சதுரக் கல். அதன் விளிம்பில் வைத்தியர் பேர், மருந்தின் பேர், எந்த நோய்க்கு என்பதெல்லாம் இடவலமாகத் திருப்பிச் செதுக்கியிருக்கும். மருந்தைக் குச்சியாக உருட்டி, ஈரமாக இருக்கும்போதே முத்திரை குத்திக் காயவைப்பார்கள். வேண்டும்போது தண்ணீரிலோ முட்டை வெள்ளைக்கருவிலோ கரைத்துப் போடுவது. லேபிள் ஒட்டிய மருந்து, சுமார் 1900 வருஷத்துக்கு முன்னால்!

இன்னொன்று. பிரிட்டனின் வடக்கில் ரோமர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் மெல்லிய மரப்பட்டிகளில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்து வருகின்றன. ஒன்று படை ஆள் கணக்கு. மொத்தம் 752 பேர். கோட்டையில் இருந்த 296 பேரில் வேலைக்கு லாயக்கில்லாதவர் 31: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் நோய்க்காரர்கள் 10. கண்ணுக்கென்று தனிக் கணக்கு! விறகுப் புகை, நெருக்கடியான குடியிருப்பு. நம்மூர் மெட்ராஸ் ஐ சீசன் கண்ணில் வந்து போனது. நாவல் வெளியாகி ஏறக்குறைய இருபது வருஷம் கழித்துத்தான் அந்தப் பட்டிகள் மண்ணிலிருந்து வெளிவர ஆரம்பித்தன. சட்க்ளிஃப் அதைப் பார்க்காமலே சரியான தொழிலைப் பிடித்துவிட்டார்.

வலியை எழுதுவதிலும் இந்த அம்மா கெட்டிக்காரர். காலில் தங்கிய சில்லுகளை எடுக்க வைத்தியர் மறுபடி புண்ணைத் திறக்கும் நாள், அதற்கு முந்தைய இரவு, பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கும் கூச்சம் - ஒன்றிலும் மிகையில்லை. சிறுவயதிலேயே மூட்டு நோய் பிடித்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

வழியில் சந்திக்கும் கெர்ன் என்ற வேட்டைக்காரன் இன்னொரு நல்ல படைப்பு. பார்த்தால் உள்ளூர்க் குடியின் ஆள். ஆனால் மழித்த மோவாயில் தலைக்கவச வார் உரசிய தழும்பு. மார்கஸ் அதைப் பார்த்துவிடுகிறான். படையிலிருந்து விலகி, பெண் கட்டி, குடியோடு குடியாகிப் போன ஒன்பதாம் படையணிக்காரன். பிரியும்போது இருட்டிலிருந்து பழைய படைப்பாட்டு கேட்கிறது. அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று ஆசிரியர் தீர்ப்பு எழுதாமல் விட்டது நல்ல காரியம்.

குறை இல்லாமலா? எஸ்காவின் குடும்பத்தையே ரோமர் அழித்தார்கள். எதிரி கையில் சிக்கக் கூடாதென்று அவன் அம்மா அவன் அப்பா கையாலேயே செத்தாள். அப்படிப்பட்டவன் வாங்கியவனின் காலடியில் நாய்போல் கிடப்பேன் என்று வந்து நிற்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நட்பு பிறகு வளர்வது சரி. ஆரம்பத்தில் இவ்வளவு அவசரம் ஏன்? 1954இல் இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு, ஆளவந்த நல்ல அதிகாரியும் விசுவாசமான சேவகனும் ரொம்பப் பழகிய ஜோடியாக இருந்திருக்கலாம். ஆண்டவர்கள் பக்கம் இருந்து பார்த்த கண் இது. நாம் எந்தப் பக்கம் இருந்தோம் என்பது நமக்குத் தெரியும்.

கழுகை எடுக்கும் விதமும் உறுத்துகிறது. மேற்குக் கடற்கரைக் குடியினர் வைத்தியனை விருந்தாளியாக வைத்துச் சோறு போடுகிறார்கள். அவன் அவர்கள் கோயில் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். முதலில் அது ரோமர் பொருள்தானே என்று மார்கஸ் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முகாமுக்குப் போன வீட்டில் திருடிவிட்டு வந்தால் எங்கள் ஊரில் அதற்குப் பேர் வேறு. அந்தக் குடியின் கிழவர் விரலில் தன் அப்பாவின் மோதிரத்தை மார்கஸ் அடையாளம் காணும் காட்சி மட்டும் இல்லையென்றால் இந்தப் பகுதிக்கு நான் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

சரித்திரம் எவ்வளவு நிஜம் என்று கேட்பவர்களுக்கு: ஒன்பதாம் படையணி பிரிட்டனில் இருந்ததற்குக் கடைசி உறுதியான சான்று கி.பி. 108 வாக்கில் யார்க்கில் வெட்டிய கல்வெட்டு. பிறகு நெதர்லாந்தின் நைமேகனில் அதன் முத்திரை பதித்த ஓடு கிடைத்ததால், வடக்கே மலையில் அழிந்துபோனது என்ற கதையை இன்று பல அறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. 1866இல் இங்கிலாந்தின் சில்செஸ்டரில் தோண்டி எடுத்த இறக்கையில்லாத வெண்கலக் கழுகு, ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் படைச்சின்னம் இல்லை, ஏதோ சிலையின் பகுதி என்கிறார்கள். சம்பந்தமில்லாத இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான் இந்த நாவல். தையல் தெரியவில்லை என்பதுதான் திறமை.

இளையோருக்கென்று எழுதியது, ஆனாலும் ஆங்கிலம் லேசு இல்லை. செடி, பறவை, வானிலை வர்ணனை நிறைய. முதல் ஐந்து அத்தியாயம் பொறுமையாகப் போனால் பிறகு கை பிடித்து இழுத்துக்கொண்டு போகும். போர்க் காட்சிக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். ஐந்துக்கு நாலு.

இப்போது புத்தகம் எங்கள் ஓ.பி. அறையில் என்னோடு வேலை பார்க்கும் சின்னப் பெண்ணிடம் இருக்கிறது. பாதி தாண்டவில்லை. நேற்று மத்தியானச் சாப்பாட்டில், "அக்கா, அந்தக் கோட்டியாவுக்கு அவ பேரு திரும்பக் கிடைச்சிருமா?" என்றாள். படி என்றேன்.