ஷேப்பர் ஆரிஜின் கைச் சிஎன்சி ரூட்டர்: ஊஞ்சல் பலகையில் ஒரு சோதனை

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில், ஆறரை அடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட பழைய தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டத்தைச் செதுக்கிவிட்டால், குழந்தைகள் ஊஞ்சலில் எதிரெதிரே உட்கார்ந்தபடியே ஆடலாம் என்பது என் நெடுநாள் ஆசை. கணினி காட்டும் கோட்டில் மரத்தைக் குடைந்து வெட்டும் சிஎன்சி ரூட்டரை, எட்டுக்கு நாலடி மேசையோடு வைத்திருக்கும் பட்டறைகள் கோயம்புத்தூரில் பல உண்டு. டெம்போவில் ஏற்றி அனுப்பினால் அரை நாளில் முடிகிற வேலைதான். ஆனால், "அது ஊட்ட உட்டு வெளிய போவக்கூடாது கண்ணு" என்று அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) ஒரே வரியில் முடித்துவிட்டார். ஜெர்மனியிலிருந்து திரும்பிய நண்பர் கொண்டுவந்திருந்த ஷேப்பர் ஆரிஜின் என்ற, கையால் நகர்த்தும் சிஎன்சி ரூட்டரை நான் மூன்று வாரத்துக்கு இரவல் வாங்கியது அதனால்தான்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அலெக் ரிவர்ஸ், இலான் மோயர், ஃப்ரேடோ டுராண்ட் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த கருவி இது. முதலிருவரும் தொடங்கிய ஷேப்பர் நிறுவனம் 2019இல் ஜெர்மன் மின்கருவி நிறுவனமான ஃபெஸ்டூலின் தாய்க் குழுமத்தின் கீழ் வந்தது. புள்ளிக் கோலம் போடுபவர் முதலில் புள்ளிகளை வைத்துக்கொண்டு, பிறகு அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பதைப் போல, இங்கே டோமினோ கட்டைகளை ஒத்த கறுப்பு வெள்ளைக் குறிகள் அச்சிட்ட பட்டையை முதலில் மரத்தின் மேல் வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும். கருவியிலுள்ள கேமரா அக்குறிகளைப் படித்து, பலகையின் வரைபடத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. எஸ்விஜி கோப்பாக (படத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் வகை) வரைந்த படத்தைத் திரையில் வேண்டிய இடத்தில் பொருத்திவிட்டு, இரு கைகளாலும் கருவியைப் பிடித்துக் கோட்டையொட்டி நகர்த்தினால் போதும். கை சில மில்லிமீட்டர் விலகினாலும் உள்ளிருக்கும் மோட்டார்கள் ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டை எதிர்ப்பக்கம் தள்ளி, மரத்தை வெட்டும் முனையான பிட்டைக் கோட்டிலேயே நிறுத்துகின்றன. திரை காட்டும் வட்டத்தைத் தாண்டிக் கை போய்விட்டால் பிட் தானாக மேலெழும்பிவிடும். என் கைக்கு இலேசான நடுக்கம் உண்டு என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். வெட்டிய கோட்டில் அதைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று சவால் விடும் அளவுக்கு வேலை நேர்த்தியாக அமைந்தது.

கருவியை நான் மெச்சியதற்கு அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. எங்கள் பலகை பல ஆண்டுகள் மனிதர்களைச் சுமந்து நடுவில் சற்றே தொய்ந்தும், ஒரு மூலையில் முறுக்கிக்கொண்டும் இருந்தது. மேசைச் சிஎன்சியில் பிட்டின் ஆழம் மேசையின் தளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், இத்தகைய பலகையில் ஒரு பக்கம் கோடு ஆழமாகவும் மறுபக்கம் தொட்டும் தொடாமலும் விழும். அதைத் தவிர்க்க முதலில் பலகையைச் சீவிச் சமப்படுத்த வேண்டும், தேய்ந்து பளபளத்த அந்த மேற்பரப்பும் போய்விடும். ஆரிஜினின் அடித்தட்டோ மரத்தின் மேலேயே உட்கார்ந்து நகர்வதால், பலகை எப்படி வளைந்தாலும் அந்தந்த இடத்து மேற்பரப்பிலிருந்தே ஆழம் அளக்கப்படுகிறது. V வடிவக் கூர்முனை கொண்ட 60 பாகை வி-பிட்டை 2 மி.மீ. ஆழத்தில் வைத்தபோது, கோட்டின் அகலம் ஏறத்தாழ 2.3 மி.மீ. வந்தது, அது முனைக்கு முனை மாறவில்லை. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்குமான 23 சந்திப்புகளிலும் சிறு குழிகளை 6 மி.மீ. பிட்டால் தோண்டினேன். திண்ணையில் இரண்டு முக்காலிகளின் மேல் பலகையைக் கிடத்தி, பட்டை ஒட்டியதிலிருந்து கூட்டிப் பெருக்கியது வரை ஒரு முற்பகல் ஆனது.

தமிழ் எழுத்துகளை வெட்டும்போது கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வளைகோடுகளாக மாற்றிவிட்டே கருவிக்குள் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எழுத்துரு சிதையும். 3 மி.மீ. பிட்டுக்கு உள்மூலை எதுவும் 1.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாது, ஆங்கில எழுத்தின் கூர்மூலைகளுக்கு இது குறைதான், வளைவே உருவான நம் எழுத்துக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. எனினும் ண, ஞ போன்றவற்றின் சுழிக்குள் பிட் நுழைய வேண்டுமானால் எழுத்தை இரண்டு அங்குலத்துக்கு மேல் வைத்துக்கொள்வது நலம். வேப்பம்பலகையில் ஒன்றரை அங்குலத்தில் வெட்டிய பெயர்ப்பலகையில் சுழி அடைபட்டுப்போய், அதை உளியால் திறந்துவிட்டேன்.

பல்லாங்குழி செய்ய முயன்றது வீண்வேலை. நேர்ச்சுவரும் தட்டையான அடியும் கொண்ட குழியைத்தான் இந்தக் கருவி தோண்டும்; கிண்ணம் போல் வழிந்திறங்கும் முப்பரிமாண வளைவு அதற்கு வராது. பதினான்கு குழிகளும் சோழியை விரலால் அள்ள முடியாத பெட்டிகளாக அமைந்தன. பவுண்டரிக்கு (உலோக வார்ப்படப் பட்டறை) மர மாதிரி, அதாவது பேட்டர்ன், செய்பவர்கள் யாரேனும் இதை நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் இதே தடை உண்டு.

பட்டை தொடர்செலவு, ஒரு முறை உரித்தால் மறுபடி பயன்படாது. பட்டையே வேண்டாமென்று, கணினி மவுஸில் இருப்பது போன்ற உணரிகளை வைத்துக் கைரூட்டர் செய்து பார்க்கும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அம்முறையில் சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் பட்டையே எனக்கு நம்பிக்கை தருகிறது. தூசு உறிஞ்சியைக் கட்டாயம் இணைக்க வேண்டும். முதல் நாள் சோம்பலில் அதை இணைக்காமல் வெட்டியதில் மரத்தூள் குறிகளை மூடி, கேமரா இடம் தெரியாமல் நின்றுவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. இன்னொரு நாள் கோடு ஒன்றை முடித்துக் கருவியைத் தூக்கிய நேரத்தில் கரண்ட் போயிற்று. பட்டையை அசைக்காமல் வைத்திருந்ததால், மின்சாரம் வந்தபின் பழைய வரைபடத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. எடை ஆறரைக் கிலோவைச் சற்றே தாண்டும். படுத்த பலகையில் அது பாரமாகத் தெரியாது, நிறுத்திய கதவில் பிடித்து வெட்ட நான் துணிய மாட்டேன்.

இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் விலை இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டும். வீடு வீடாகப் போய் மாடுலர் கிச்சன் பொருத்துபவருக்கும், பழைய மரச்சாமான்களை இருந்த இடத்திலேயே செப்பனிடுபவருக்கும் அந்தப் பணம் திரும்பி வரக்கூடும். ஒரே அளவில் நாற்பது துண்டு வெட்ட வேண்டியவர் ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போவதே மேல். அங்கே மேசை தானாக ஓடும்போது நாம் டீ குடித்துவிட்டு வரலாம், இங்கே கடைசித் துண்டு வரை கை கருவியிலேயே இருக்க வேண்டும். என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்கள் நாலைந்து பேர் கூட்டாக வாங்கினால் சரி, தனியாக வாங்குவது வீண். அப்படி வாங்குவோர் அமெரிக்க உறவினர் மூலம் தருவித்தால் 120 வோல்ட் கருவிதான் கையில் கிடைக்கும். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதைச் செருகக் கூடாது. நண்பருடையது ஐரோப்பியக் கருவி என்பதால், எர்த் இணைப்புள்ள பிளக் மாற்றி ஒன்றே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.