டேஷ்கேம்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

காரில் டேஷ்கேம், அதாவது முன்னால் உள்ள சாலையைப் படம்பிடிக்கும் கேமரா, மாட்டி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பெரும்பாலும் செங்கல்பட்டு – திண்டிவனம் சாலையில்தான் ஓட்டம்.

முதலில் பொருளைப் பற்றி. நம் ஊர் வெயிலுக்கு பேட்டரி வைத்த கேமரா சரிப்படாது. கண்ணாடிக்குப் பின்னால் வெந்து பேட்டரி உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கியதால் கோடையிலும் தொந்தரவு இல்லை. மெமரி கார்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய பதிவின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவதால் சாதாரண கார்டு சீக்கிரம் படுத்துவிடும். 'ஹை எண்டூரன்ஸ்' கார்டுதான் தாங்கும். அதிர்வு சென்சாரை 'லோ'வில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையையும் விபத்து என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பதிவை அழியாமல் பூட்டி வைத்து கார்டை நிரப்பிவிடும். இரவில் எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிவதில்லை.

யார் மேல் தப்பு என்று காட்டத்தான் வாங்கினேன். பழைய பதிவுகளை வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது பிடிபட்டது வேறு. ஓர் இடத்தில் நடுத்தடுப்பில் இடைவெளி. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பேருந்து நிறுத்தம். முறையாகத் திரும்பி வர வெகுதூரம் போக வேண்டும் என்பதால், அந்த இடைவெளி வழியாகவே குறுக்கே கடக்கிறார்கள். ஒருநாள் பால்கேன் கட்டிய எக்ஸெல், இன்னொரு நாள் பள்ளிப் பிள்ளையை ஏற்றிய ஸ்கூட்டர். ஆள்தான் வேறு, தப்பு அதேதான். தடுப்பில் வளர்ந்த அரளிச் செடியைத் தாண்டி முன்சக்கரம் வெளியே வந்த பிறகுதான் கேமராவுக்கே வண்டி தெரிகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர். பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் 30 மீட்டர் போய்விடும்.

விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறு என்று அடிக்கடி சொல்கிறார்கள். அது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2015இல் வெளியிட்ட கணக்கு. ஓட்டுநரிடம் கண்டது சங்கிலியின் கடைசிக் கண்ணி, அதையே விபத்தின் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே அறிக்கை சொல்கிறது. அந்த வரி மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. நம் மத்திய அமைச்சகத்தின் 2022 கணக்கிலும் சாலை இறப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் 'அதிவேகம்' என்ற ஒரே தலைப்பில் போய்விடுகிறது. ஓட்டியவருக்கு எதிரில் எவ்வளவு தூரம் தெரிந்தது என்பது அந்த எண்ணில் வராது. வேகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பத்துப் பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்தால், அந்த இடத்தையும் விசாரிக்க வேண்டாமா?

அந்தப் பதிவுகளைத் தேதிவாரியாக வெட்டி, ஊர்க்காரர்களோடு சேர்ந்து நெடுஞ்சாலை அலுவலகத்தில் மனுவோடு கொடுத்தோம். அரளியை வெட்டினார்கள். இடைவெளி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு அடுத்த மனு தயாராகிறது. அதனால் வாங்கப் போகிறவர்கள் ஜிபிஎஸ் உள்ள மாடலாகவே பாருங்கள். இடமும் வேகமும் படத்திலேயே பதிவாகியிருந்தால், 'இது எந்த இடம்?' என்று கேட்டு மனுவைத் திருப்பி அனுப்ப முடியாது.