காகித நுண்ணோக்கி: சின்னப் பள்ளிக்கு வாங்கலாமா?

ஒரே ஒரு கூட்டு நுண்ணோக்கி உள்ள பள்ளியில் வெங்காயத்தோல் பாடம் எப்படி நடக்கும் என்பது அறிவியல் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஸ்லைடு போடுவதும் ஃபோகஸ் வைப்பதும் ஆசிரியர். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நடுவில் யார் கையாவது பட்டு ஃபோகஸ் கலைந்தால், பின்னால் நின்ற பத்துப் பேரும் பார்த்தது வெறும் வெளிச்சம்தான். காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பை வாங்கலாமா என்பதை இந்த வரிசையை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். இருவருக்கு ஒன்று என்று கொடுத்தால் வரிசையே இல்லை; அதற்காகவே வாங்கலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய கருவி இது. வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2014இல் வெளிவந்தது. அச்சடித்த தாளிலிருந்து பாகங்களைப் பிரித்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். நடுவில் உருண்டையான ஒரு சிறு லென்ஸ். 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஆய்வாளர் லீவன்ஹூக் நீர்த்துளிக்குள் உயிர்களைக் கண்டதும் இப்படி ஒற்றைச் சிறு லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துத்தான். பள்ளிகளுக்கு வரும் வழக்கமான மாதிரி 140 மடங்கு பெரிதாக்கும், சுமார் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) வரை பிரித்துக் காட்டும்.

இந்த அளவுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வெங்காயத்தோல் செல்கள், இலைத்துளைகள், மகரந்தம், கன்னச் செல்கள், குளத்து நீரில் பரமீசியம் என்ற ஒருசெல் உயிரி எல்லாம் தெரியும். பாக்டீரியாவைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வேர்நுனியில் செல் பிரிதலைப் பார்க்க 400 மடங்கு தேவை. அதற்குக் கூட்டு நுண்ணோக்கிதான் வேண்டும். ஆகவே ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இது தாராளமாகப் போதும், மேல்நிலை வகுப்புக்குப் போதாது.

மடிப்பதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். மடித்த கையோடு ஸ்லைடும் பார்க்கலாம் என்று திட்டமிட்டால் இரண்டும் அரைகுறையாகும். ஒருவர் மடிக்க, பக்கத்தில் இருப்பவர் படம் பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும்; தளர்ந்த மடிப்புதான் பின்னால் ஃபோகஸ் நிற்காததற்குக் காரணம். முடித்ததும் ஸ்லைடு இல்லாமல் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் சரி. பிறையாகத் தெரிந்தால் லென்ஸும் வெளிச்சத் துளையும் நேர்ப்படவில்லை என்று அர்த்தம். பிரித்து மறுபடி மடிப்பதைவிட, முதலில் லென்ஸ் இருக்கும் தட்டைக் கட்டைவிரலால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியரே மடித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

கருவியால் கெடுவதைவிட ஸ்லைடால் கெடுவதுதான் அதிகம். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. கண்ணாடி ஸ்லைடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன், பொருளை மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப் ஏறத்தாழ அதில் ஆறில் ஒரு பங்குதான். அதனால் கவர்ஸ்லிப் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிச் செருகினால் எவ்வளவு நகர்த்தியும் ஃபோகஸ் கிடைக்காது. பிள்ளை “டீச்சர், இது வேலை செய்யல” என்று வந்து நிற்கும். முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு சிறு துளி போதும். அதிகமானால் பொருள் மிதந்து ஓடும், ஓரத்தில் கசிந்து லென்ஸும் நனையும். வெங்காயத்தின் உள்பக்கச் சவ்வை அரிசி அளவு உரித்து, சுருங்காமல் விரித்து, நீர்த்த அயோடின் ஒரு துளி விட்டு, கவர்ஸ்லிப்பை ஒரு ஓரமாக ஊன்றிச் சாய்வாக இறக்குங்கள். நேராக வைத்தால் காற்றுக்குமிழி சிக்கும். கறுத்த தடித்த விளிம்போடு, உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த வட்டத்தைத்தான் பாதி வகுப்பு “செல்” என்று அழகாக வரைந்து வைக்கும். பாடம் தொடங்கும்போதே வேண்டுமென்று ஒரு குமிழி ஸ்லைடு செய்து எல்லாருக்கும் காட்டிவிடுங்கள்; அதன்பின் படங்கள் தாமாகவே திருந்தும்.

காகித ஸ்லைடும் ஒட்டும் டேப்பும் உலர்ந்த பொருளுக்கு அருமை. இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிதாகத் தடவி, பத்து நிமிடம் நன்றாகக் காயவிட்டு, டேப்பால் ஒற்றி உரித்து ஸ்லைடில் ஒட்டினால் இலைத்துளைகளின் அச்சு கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே உரித்தால் அச்சு இழுபட்டுப் போகும். இந்த ஸ்லைடுகள் எளிதில் கெடுவதில்லை. பள்ளி வளாகத்துச் செடிகளின் தொகுப்பாகவே அறிவியல் மன்றத்தில் சேர்த்து வைக்கலாம்.

வகுப்புக்கு வெளியேதான் இந்தக் கருவி உண்மையில் மலர்கிறது என்பேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளக்கரைக்கோ தோட்டத்துக்கோ போகலாம், மின்சாரம் வேண்டாம். குளத்து நீரை நடுவில் அள்ளாதீர்கள். பாசி, அழுகும் இலை உள்ள ஓரத்தில் எடுங்கள். பரமீசியம் கண்ணில் நிற்காமல் ஓடினால் பஞ்சு நார் இரண்டு மூன்றைத் துளிக்குள் பிரித்துப் போடுங்கள். நார்களுக்கிடையே சிக்கி வேகம் குறையும். செம்பருத்தி மகரந்தம் பெரியது, முள்முள்ளாக இருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதையே கொடுங்கள்.

பார்க்கும் முறையையும் சொல்லித்தர வேண்டும். இமை உரசும் அளவுக்குக் கண்ணுக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் பகுதியை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். வானத்தையோ வெள்ளைச் சுவரையோ விளக்கையோ நோக்கலாம். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது, பார்வையே போய்விடும். மைதானத்துக்குக் கூட்டிப்போகும்போது இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், சலிப்பாக இருந்தாலும் சொல்லுங்கள்.

கருவியைக் கைபேசியில் ஒட்டும் காந்த வளையம் பயனுள்ளது, ஆனால் பல கேமரா உள்ள கைபேசிகளில் அது கொஞ்சம் படுத்தும். முதன்மைக் கேமராவுக்கு நேராக ஒட்டி, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் சில கைபேசிகள் தாமாக வேறு கேமராவுக்குத் தாவலாம். படம் எடுப்பது எளிதாகிவிட்டது என்று வரைவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரையும் பிள்ளைதான் செல்சுவர் எங்கே முடிகிறது என்று தேடும். காந்தங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், சிறு குழந்தைகள் இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்கே ஆபத்து.

தாள் நீர் தாங்கும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கெடுவது லென்ஸில் படியும் விரல் எண்ணெயால்தான். மங்கினால் சுத்தமான மென்பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்லைடைச் செருகியபடியே வைத்தால் மடிப்பு தளர்ந்துவிடும். எடுத்துவிட்டு, எண் எழுதி, தட்டையாக அடுக்கி வையுங்கள். வகுப்பில் எத்தனை ஜோடியோ அத்தனையும் கூட இரண்டும் வாங்குங்கள். இருக்கிற கூட்டு நுண்ணோக்கியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காகிதத்தில் கண்டதையே பெரிதாக்கிக் காட்ட அது ஜன்னலோரம் தயாராக இருக்கட்டும்.