மாம்பழமா, மென்தாலா: எது அதிகம் கட்டிப்போடும்?

அமெரிக்காவில் இ-சிகரெட் சுவை என்றாலே எல்லோரும் பழச்சுவையைத்தான் திட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஜூல் என்ற இ-சிகரெட் நிறுவனம் விற்ற மாம்பழச் சுவையை எடுத்துக்கொள்ளுங்கள்: பென்டிரைவ் மாதிரி ஒரு கருவி, உள்ளே வெறும் 0.7 மில்லி திரவம், 5 சதவீத நிக்கோட்டின். புகை நாற்றமே கிடையாது, மிட்டாய் வாசம்தான். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகூட பயமில்லாமல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கும். 2024 கணக்கெடுப்பில் வேப், அதாவது இ-சிகரெட், பிடிக்கும் மாணவர்கள் அதிகம் சொன்னதும் பழச்சுவையைத்தான்.

குளிர்ச்சி தரும் பொருளான மென்தால் வேலை செய்யும் விதமே வேறு. தொண்டையில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை அது தூண்டிவிடுகிறது, விக்ஸ் தடவினால் சில்லென்று இருக்குமே, அதேதான். நிக்கோட்டினின் எரிச்சல் அடங்கிப்போகும், இருமல் குறையும், அப்புறம் ஆழமாக இழுப்பது சுலபமாகிவிடும். எலிகளிடம் செய்த ஆய்வுகளில் நிக்கோட்டினோடு மென்தால் சேரும்போது மூளையில் நிக்கோட்டின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் கூடியதையும் பார்த்திருக்கிறார்கள்.

பழக்கம் தொடங்குவதற்கு மாம்பழம் பெரிய காரணம், ஆனால் விடமுடியாமல் போவதில் மென்தாலுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனாலும் 2020ல் அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பழம், புதினாச் சுவை கார்ட்ரிட்ஜ்கள் (கருவியில் மாட்டும் திரவக் குப்பிகள்) மீது நடவடிக்கை எடுத்தபோது மென்தாலைத் தொடவில்லை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளும் தப்பித்தன, பழச்சுவை அந்த வழியாகவே திரும்பி வந்தது. 2024 ஜூனில் என்ஜாய் என்ற நிறுவனத்தின் மென்தால் வேப்புக்கு எஃப்.டி.ஏ. அனுமதியே கிடைத்தது, சிகரெட் பிடிக்கும் பெரியவர்கள் மாறிக்கொள்ள உதவும் என்பதற்காக. அந்தக் காரணம் புரிகிறது, ஆனால் 15 வயதுப் பிள்ளையின் தொண்டையிலும் அது அதே குளிர்ச்சியைத்தானே தருகிறது.